பவளத் தொட்டியில் எம்பரர் ஏஞ்சல் மீன் விடலாமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்

செங்காங் முரளி:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வந்து படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவன் நான். இன்றைக்கு ஒரு சிக்கல். அதுவும் நானே இழுத்து விட்டுக்கொண்டது.

என் தொட்டி 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். கற்கள் அடைத்த இடத்தைக் கழித்து, கீழே இருக்கும் சம்ப்பையும் (வடிகட்டும் தொட்டி) சேர்த்தால் 550 லிட்டர் தண்ணீர் வரும். மூன்று வருடமாக ஓடுகிறது. சில்லர் 26 டிகிரியில் பிடித்து வைக்கிறது. (அதற்கு வரும் மின்கட்டணத்தைப் பற்றி என் மனைவியை எழுதச் சொன்னால் இதைவிட நீளமாக எழுதுவார்.) போன வாரம் பார்த்தபோது தண்ணீரில் சேரும் கழிவு, லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.06. உள்ளே ஒரு ஜோடி கிளவுன், ஒரு மஞ்சள் டாங், ஒரு டொமினி டாங், ஐந்து கார்டினல். யாரும் யாரோடும் சண்டை இல்லை.

பவளம்தான் என் சொத்து. டார்ச், மூன்று தலையாக வாங்கியது, இப்போது 14 தலை. அதன் பக்கத்தில் ஹேமர். மணலில் இரண்டு ட்ராக்கி. ஒன்று சிவப்பு, மற்றது பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்தது. விளக்கு அணைந்த பிறகு அது மெல்ல வாயைத் திறந்து மைசிஸ் இறாலை உள்ளே இழுப்பதைப் பார்ப்பதற்காகவே என் எட்டு வயது மகள் தூங்காமல் உட்கார்ந்திருப்பாள். ஒரு கல் முழுக்க ஏக்கன், இன்னொரு கல்லில் நாலைந்து நிற ஜோவா. மேலே மாண்டிபோரா தட்டுகள், பெரிய டோட்ஸ்டூல் லெதர் ஒன்று.

போன சனிக்கிழமை இங்கே சிங்கப்பூரில், செராங்கூன் நார்த்தில் உப்பு வாங்கத்தான் போனேன். மகளும் வந்தாள். கடையில் 7 செ.மீ. எம்பரர் குட்டி. கருநீல உடம்பில் வெள்ளை வளையங்கள், வால் பக்கம் முழு வட்டம், அதைச் சுற்றி அடுத்தது, அடுத்தது. மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு "அப்பா, பம்பரம்!" என்றாள். பெயரும் வைத்தாகிவிட்டது. குருணைத் தீனி போட்டார்கள், தின்றது. விலை 120 வெள்ளி. 20 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டேன். ஞாயிறு வரை வைத்திருப்பார்கள்.

கடைக்காரர், "சின்னதிலேயே விட்டால் பவளத்தைத் தொடாது, பழகிவிடும்" என்கிறார். வீட்டுக்கு வந்து தேடினால் பாதிப் பேர் "பத்து வருடமாக வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்கிறார்கள். மீதிப் பேர் "ஒரே வாரத்தில் மொட்டை" என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது? வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். எல்லாம் வளர்க்கும் முறையில் இருக்கிறது என்ற பொதுவான பதில் வேண்டாம், அது எனக்கே தெரியும்.


கொளத்தூர் பாபு:

முரளி சார், நான் பவளம் வைத்தவன் இல்லை. அதனால் உங்கள் கேள்விக்கு நேர் பதில் என்னிடம் இல்லை. இந்தியாவில் எங்கள் பக்கம் கதையே வேறு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கல் பவளங்களைச் சேர்த்துவிட்டார்கள், புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவில் இருந்து ஒரு கல்லைக்கூட எடுத்து வர முடியாது. கூடாது என்பதுதான் என் கருத்தும். ஆகவே 6 அடித் தொட்டி, செயற்கைக் கல், மீன் மட்டும். அதில் எம்பரர் ஒன்று நான்கு வருடமாக இருக்கிறது. மீனைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில், நீங்கள் வாங்கப் போவது 7 செ.மீ. மீன் இல்லை. கடலில் அது 40 செ.மீ. வரை போகிற மீன். என்னுடையது வந்தபோது 9 செ.மீ., இப்போது ஒரு சாண் தாண்டிவிட்டது. சாப்பாட்டுத் தட்டு ஒன்று திரும்பித் திரும்பி வருகிற மாதிரி இருக்கும். உங்கள் 5 அடியில் ஒன்றரை வருடம் அழகாக இருக்கும், அப்புறம் அதற்கே மூச்சு முட்டும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இதைவிடப் பெரிய தொட்டி வைக்க இடம், தளம் தாங்கும் எடை எல்லாம் நீங்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, நேராகத் தொட்டியில் விட்டுவிடாதீர்கள். ஏஞ்சல் உடம்பில் ஒட்டுப் புழு சர்வசாதாரணம். என்னுடையது வந்த இரண்டாம் நாள் கல்லில் உடம்பைத் தேய்த்தது, ஒரு கண் லேசாக மங்கல். வேறு ஒன்றும் தெரியவில்லை, நன்றாகத்தான் தின்றது. உப்பு இல்லாத தண்ணீரை, சூடும் பி.எச்.சும் தொட்டித் தண்ணீருக்குச் சமமாக வைத்து, காற்றுக் கல் போட்டு, ஐந்து நிமிடம் அதில் விட்டேன். மூன்றாவது நிமிடம் வாளியின் அடியில் வெள்ளையாக ஏதோ உதிர ஆரம்பித்தது. எள் மாதிரி, அதைவிடத் தட்டையாக. எல்லாம் புழு. உப்புத் தண்ணீரில் கண்ணாடி போல் இருந்து கண்ணுக்கே தெரியாதது, நல்ல தண்ணீரில் செத்து வெளுக்கிறது. நாற்பதுக்கு மேல் எண்ணினேன், அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். அதன் பிறகு தனித் தொட்டியில் ப்ராசிகுவாண்டல் என்ற புழு மருந்து, ஒரு வாரம் விட்டு மறுபடியும் ப்ராசிகுவாண்டல். உங்கள் பவளத் தொட்டியில் வெள்ளைப் புள்ளி நோய் நுழைந்தால் காப்பர் ஊற்ற முடியாது, பவளம் செத்துவிடும். எனவே வைத்தியம் எல்லாம் வெளியிலேயே முடியட்டும், நாலு முதல் ஆறு வாரம்.

ஒரு உபரித் தகவல். அந்த வளையம் எல்லாம் குட்டிக்கு மட்டும்தான். வளர வளர வளையங்கள் உடைந்து, மஞ்சளும் நீலமுமாக நீளக் கோடுகள் வந்துவிடும். கண் மேல் கறுப்புப் பட்டை. இரண்டும் ஒரே மீன் என்று நம்பவே முடியாது. பெரிய மீனுக்கு 1787-இல் ப்ளோக் என்ற மீனியல் அறிஞர் பெயர் வைத்தார். குட்டியை வேறு இனம் என்று நினைத்து 1801-இல் நிக்கோபார் பெயரைச் சேர்த்து இன்னொரு பெயர் வைத்துவிட்டார்கள். மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.


கிள்ளான் மணியம்:

முரளி தம்பி, பொதுவான பதில் வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள், நல்லது. நான் பெரிய ஏஞ்சல்கள் மூன்று வைத்தவன். ஒன்றில் செம அடி, ஒன்றில் அரை வெற்றி, ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அடி வாங்கிய கதையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், உங்களுக்கு அதுதான் தேவை.

தரை வீடு என்பதால் எடைக் கவலை எனக்கு இல்லை. 7 அடித் தொட்டி, 1,200 லிட்டர். அப்போது அது நான்கு வருடத் தொட்டி, பவளம் எல்லாம் நன்றாக ஊறிப் பரவி நின்றது. அதில் 14 செ.மீ. எம்பரர் விட்டேன். நிறம் பாதி மாறிய நிலை, வளையமும் இருக்கும் கோடும் இருக்கும், யாரோ பாதியில் அழித்த கோலம் மாதிரி. முதல் மூன்று வாரம் தங்கக் கம்பி. நோரியை (கடற்பாசித் தாள்) கிளிப்பில் மாட்டினால் ஓடி வரும். பசாரில் வாங்கிய பச்சைச் சிப்பியை ஒரு பக்க ஓட்டோடு போட்டால் பத்து நிமிடத்தில் ஓட்டைக் கழுவி வைத்த மாதிரி ஆக்கிவிடும். மனைவியிடம் "பார்த்தாயா, எல்லாம் தீனியில் இருக்கிறது" என்று சொன்னேன். அதை இன்றுவரை எனக்குத் திருப்பிச் சொல்லிக் காட்டுகிறாள்.

நாலாவது வாரம், காலை ஏழு மணி, காப்பிக் குவளையோடு தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். விளக்கு அப்போதுதான் வந்தது. என்னிடமும் ஒரு ட்ராக்கி இருந்தது, கைப்பிடி அளவு, நல்ல சிவப்பு. தண்ணீர் ஏறி உப்பி, மடிப்பு மடிப்பாக விரிந்திருந்தது. எம்பரர் அதன் மேல் வந்து நின்றது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. நகைக்கடையில் விலை கேட்காமல் வளையலைப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. அப்புறம் ஒரே கொத்து. கிழிக்கவில்லை, கிள்ளி எடுத்த மாதிரி. ட்ராக்கி சட்டென்று சுருங்கிக் கல்லோடு ஒட்டிக்கொண்டது. மீன் போய்விட்டது. சரி, ஆசைக்கு ஒரு தடவை என்று விட்டுவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து ட்ராக்கி பாதி விரிந்தது. மீன் வந்தது, ஒரு கொத்து, போய்விட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பலரும் மீன் பவளத்தைத் தின்று தீர்த்துவிடும் என்று நினைக்கிறார்கள். என்னுடையது தின்று தீர்க்கவே இல்லை. நாளுக்கு இருபது தடவை வந்து விரிய விடாமல் செய்தது, அவ்வளவுதான். விரியாத பவளம் வெளிச்சம் வாங்காது, இரவில் தீனியும் எடுக்காது. ஆறாம் நாள் அதன் சதை மெலிந்து, அடியில் இருக்கும் எலும்புக் கூட்டின் வரிகள் துணிக்குள் விலா மாதிரித் தெரிந்தன. பதினோராம் நாள் ஓரத்தில் வெள்ளையாகக் கோடு விழுந்தது. அதற்குப் பிறகு அது மீளவில்லை. அடுத்து ஏக்கன். அடுத்து ஜோவா, ஜோவாவை மட்டும் உண்மையாகவே தின்றது, கொத்தாகப் பிய்த்துத் தின்றது.

அதே தொட்டியில் இருந்த லெதரை அது ஒரு தடவைகூடத் தொடவில்லை. மாண்டிபோராவைத் தொடவில்லை. அக்ரோபோராவின் கிளையில் எப்போதாவது பல்லால் சுரண்டும், அதனால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே உங்கள் பட்டியலைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, மன்னிக்கவும். சதைப்பற்றுள்ள எல்.பி.எஸ். (பெரிய வாய் உள்ள கல் பவளம்) எதெல்லாம் உண்டோ அதெல்லாம் உங்களிடம் இருக்கிறது. ட்ராக்கி இரண்டு, ஏக்கன் ஒரு கல் நிறைய, ஜோவா வேறு. ஏஞ்சலுக்கு வாழை இலை போட்டு வைத்த மாதிரி. டார்ச்சும் ஹேமரும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, அவற்றின் கொட்டும் இழைக்குப் பயந்து சில மீன்கள் ஒதுங்கும், சில மீன்கள் பக்கவாட்டில் சதையைக் கொத்தும்.

"பத்து வருடமாக ஒன்றும் ஆகவில்லை" என்பவரும் பொய் சொல்லவில்லை. அவர் தொட்டிப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அநேகமாக அக்ரோபோரா, மாண்டிபோரா, லெதர் என்றுதான் இருக்கும். மீனைப் பற்றிச் சண்டை போடுகிறோம், பாதி விடை பவளத்தில் இருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். விடலாமா என்று கேட்கிறீர்கள். விட்டால் வெளியே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். எனக்கு அந்த மீனைப் பிடிக்க 19 நாள் ஆனது. வலையோடு கை உள்ளே போனதுமே கல்லுக்குள் போய்விடும். பெரிய ஏஞ்சல் எல்லாவற்றுக்கும் கன்னத்தில் செவுள் மூடியின் கீழ்முனையில் ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். கல் இடுக்கில் அதை ஊன்றிக்கொண்டால் அசைக்க முடியாது. ஒரு தடவை எப்படியோ வலைக்குள் வந்தது, அந்த முள் வலையில் மாட்டி, அதை விடுவிக்கக் கத்தரியால் வலையை வெட்டினேன், வெட்டின வேகத்தில் மீன் மறுபடியும் தொட்டிக்குள். என் கையில் வெட்டின வலை. அந்த நிமிடம் யாரும் என்னைப் படம் எடுக்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

கடைசியில் அக்ரிலிக் பொறிப் பெட்டி. ஒரு பக்கம் மேலும் கீழும் நகரும் கதவு, அதில் தூண்டில் நரம்பைக் கட்டி நான் உட்காரும் நாற்காலி வரை இழுத்து வைத்தேன். ஒன்பது நாள் கதவைத் திறந்தே விட்டு, தீனியை அந்தப் பெட்டிக்குள் மட்டும் வைத்தேன். முதல் மூன்று நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நாலாவது நாள் தலையை நுழைத்தது. பிறகு டாங் மீன் நுழைந்து சிப்பியைத் தின்பதைப் பார்த்துப் பொறுக்காமல் தானும் நுழைந்தது. பத்தாவது நாள் நரம்பை விட்டேன், கதவு விழுந்தது. வலை போடாமல் தண்ணீரோடு பிளாஸ்டிக் டப்பாவில் மொண்டு எடுத்தேன். அது இப்போது மீன் மட்டும் வைத்திருக்கும் நண்பர் வீட்டில் ராஜாவாக இருக்கிறது.

அதனால் பெரிய ஏஞ்சல் விட நினைக்கும் எவருக்கும் நான் சொல்வது, பெட்டியை முதலில் வாங்குங்கள். மீன் வருவதற்கு முன்பே அதைத் தொட்டிக்குள் வைத்து, வந்த நாளில் இருந்தே வாரம் இரண்டு தடவை அதற்குள் தீனி கொடுங்கள். கொத்த ஆரம்பித்தால் மறுநாளே வெளியே எடுத்துவிடலாம். எடுத்தால் யாரிடம் கொடுப்பது என்பதையும் முன்பே பேசி வையுங்கள்.

தண்ணீர் விஷயம் சுருக்கமாக. பெரிய ஏஞ்சலுக்கு நாளுக்கு மூன்று வேளை போட வேண்டும். என் நைட்ரேட் 8-இல் இருந்து 40 ஆனது, பாஸ்பேட் 0.05-இல் இருந்து 0.2. ஸ்கிம்மரை (நுரையோடு கழிவைப் பிரிக்கும் கருவி) பெரிதாக்கி, சம்ப்பில் பாசி வளர்த்து, வாரம் 15 விழுக்காடு தண்ணீர் மாற்றி ஒருவாறு கீழே கொண்டுவந்தேன். தீனியைக் குறைத்தால் தண்ணீர் சுத்தமாகும், மீன் பவளத்துக்குப் போகும். நடுவில் நாம்.

மற்ற இரண்டு மீன்கள். மஜெஸ்டிக், அதுதான் அரை வெற்றி. எம்பரரைவிடச் சிறியது, 28 செ.மீ. வரைதான் போகும், குணமும் சாது. லெதரும் எஸ்.பி.எஸ்.சும் (அக்ரோபோரா மாதிரி சின்ன வாய்க் கல் பவளம்) வைத்த தொட்டியில் மூன்று வருடம் இருந்தது, ஒரு கிளாம் சிப்பியின் ஓரத்தை மட்டும் கொத்திக் கொத்தியே கொன்றது. மூன்றாவது ஜெனிகாந்தஸ். உங்கள் தொட்டிக்கு நான் சொல்வது இதைத்தான். ஏஞ்சல் குடும்பம்தான், ஆனால் நடுத்தண்ணீரில் மிதந்து வருவதைத் தின்கிற மீன். கல்லைக் குனிந்துகூடப் பார்க்காது. அதில் மெலனோஸ்பிலோஸ் என்ற இனத்தின் ஜோடி என்னிடம் இரண்டு வருடமாக இருக்கிறது. 18 செ.மீ.யோடு நின்றுவிடும். ஆணுக்குக் குறுக்கே வரிகள், பெண்ணுக்கு வரியே கிடையாது, மேலே மஞ்சள், வாலின் இரு ஓரமும் கறுப்பு. இரண்டு பெண்ணாக வாங்கினால் பெரியது தானே ஆணாக மாறும். மாறுகிற அந்தச் சில வாரம் பார்க்க வேண்டிய காட்சி, தினம் ஒரு வரி கூடும்.

பம்பரம் மாதிரி இருக்காது, உண்மைதான்.


சுழியோடி (திருகோணமலை):

தம்பி முரளிக்கும் மணியம் அண்ணைக்கும் வணக்கம். தொட்டி மீன் வளர்த்து எனக்குப் பழக்கம் இல்லை. நான் அவற்றைப் பிடித்தவன். பதினான்கு வருடம் வர்ண மீனுக்குச் சுழியோடினேன். சோழகக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் எங்கள் கிழக்குக் கரை, வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கினால் இங்கே கடலில் இறங்க ஏலாது, சாமானைக் கட்டிக்கொண்டு தெற்குப் பக்கம் போய்விடுவோம். இப்போது காது பழுதாகிவிட்டது, கரையில்தான் சீவியம்.

மணியம் அண்ணை சொன்ன அந்த ஒரு கொத்தைப் பற்றி ஒரு விசயம் சொல்ல வேண்டும். பெரிய எம்பரர் எட்டு, பத்துப் பாகம் (ஒரு பாகம் ஆறு அடி) ஆழத்தில், முருகைக்கல் (பவளப்பாறை) குடை மாதிரிக் கவிந்த இடங்களில் நிற்கும். பின்னால் போய்ப் பார்த்திருக்கிறேன், பிடிக்க அல்ல, சும்மா. கல்லின் அடிப்பக்கம் கடற்பஞ்சு ஒட்டியிருக்கும், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. ஒரு பஞ்சில் ஒரு கடி, இரண்டு கடி. உடனே அடுத்த கல். அங்கே ஒரு கடி. அப்படியே போய்க்கொண்டே இருக்கும். ஒரே இடத்தில் நின்று வயிறு நிரப்புவதை நான் கண்டதில்லை. பஞ்சுகளில் கனக்க நஞ்சு உண்டு, ஒன்றையே தின்றால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால்தான் இப்படிக் கலந்து தின்கிறது என்று பிறகு படித்தேன். மேற்கிந்தியத் தீவுகளில் ராண்டல், ஹார்ட்மன் என்ற இரண்டு பேர் வயிற்றைக் கீறிப் பார்த்து 1968-இல் எழுதியிருக்கிறார்கள். ஹோலகாந்தஸ் ஏஞ்சல்களின் வயிற்றில் 95 விழுக்காட்டுக்கு மேல் கடற்பஞ்சு. எம்பரரின் சொந்தக்காரரான பொமகாந்தஸ்களில் 70-க்கு மேல்.

ஆக, கடலில் அது ஒரு கடி கடித்துவிட்டுப் போனால் திரும்பி அந்தக் கல்லுக்கு எப்போது வருமோ தெரியாது. கடிபட்டது ஆறிவிடும். உங்கள் தொட்டியிலும் அது அதே மாதிரி ஒரு கடி கடித்துவிட்டு அடுத்த கல்லுக்குத்தான் போகிறது. ஆனால் ஐந்து அடியில் அடுத்த கல் எங்கே இருக்கிறது? சுற்றி வந்தால் மறுபடியும் அதே ட்ராக்கிதான். மீனில் பிழை இல்லை.

இன்னொன்று. பெரிய எம்பரர் சத்தம் போடும். முதல் தரம் கேட்டபோது என் கூட்டாளி ஏதோ ஆபத்தில் சிலிண்டரைத் தட்டுகிறான் என்று பதறித் திரும்பினேன். டொக், டொக் என்று, வள்ளத்துப் பலகையில் முட்டியால் தட்டுகிற மாதிரி. கூட்டாளி தூரத்தில் நிற்கிறான். குகை வாசலில் எம்பரர் என்னைப் பார்த்தபடி, மறுபடியும் டொக். போ என்கிறது. நெஞ்சுக்குள் கேட்கும் அந்தச் சத்தம்.

வாங்குவதென்றால் ஒன்றைப் பாருங்கள். ஆழத்தில் பிடித்ததை அவசரமாக மேலே கொண்டுவந்தால் உள்ளே காற்றுப் பை ஊதிவிடும். ஊசியால் குத்திக் காற்றை எடுப்பார்கள். நானும் செய்திருக்கிறேன், மறைக்கவில்லை. கை பழகியவன் குத்தினால் மீன் தப்பும். பழகாதவன் குத்தினால் இரண்டு கிழமை (வாரம்) தின்னும், பிறகு காரணம் தெரியாமல் சாகும். கடையில் மீன் சும்மா நிற்கும்போது பாருங்கள். வால் மேலே தூக்கியோ, தலை மேலே தூக்கியோ நின்றால், ஒரே இடத்தில் நிற்கச் செட்டையை ஓயாமல் அடித்தால், விட்டுவிடுங்கள். குட்டிகளை ஆழம் குறைந்த இடத்தில் பிடிப்பதால் இந்தப் பிரச்சினை குறைவு, ஆனாலும் பாருங்கள்.


செங்காங் முரளி:

பாபு சார், மணியம் அண்ணே, சுழியோடி அண்ணே, மூவருக்கும் நன்றி. இன்றைக்குக் கடைக்குப் போய் வந்ததைச் சொல்கிறேன்.

மகளையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். வாங்கப் போகிறோம் என்று நினைத்து அவள் பள்ளித் தோழிக்கு எல்லாம் சொல்லி வைத்திருந்தாள். கடையில் ஒரு முக்காலி வாங்கிப் போட்டு, தொட்டி முன் 40 நிமிடம் உட்கார்ந்தோம். கடைக்காரர் முதலில் சிரித்தார், அப்புறம் அவரும் வந்து நின்றுகொண்டார். மீன் நேராகத்தான் நிற்கிறது, செட்டை அடிக்கவில்லை. கண் இரண்டும் தெளிவு. ஒரு தடவை மட்டும் குழாயில் உடம்பைத் தேய்த்தது, பாபு சாரின் எள் ஞாபகம் வந்தது.

அவரிடம் கேட்டு, விற்காமல் கிடந்த ஒடிந்த ஏக்கன் துண்டு ஒன்றை அந்தத் தொட்டியில் வைக்கச் சொன்னேன். (துண்டுக்குக் காசு என்னிடம் வாங்கிக்கொண்டார், 8 வெள்ளி.) முதல் கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. ஏக்கன் மெல்ல விரிந்தது. பம்பரம் அந்தப் பக்கமாக வந்தது. நின்றது. தலையைச் சாய்த்தது. மணியம் அண்ணே, நீங்கள் எழுதின நகைக்கடை அப்படியே. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கொத்தவில்லை, போய்விட்டது. கடைக்காரர் "பார்த்தீர்களா" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, திரும்பி வந்து ஒரு கொத்து.

மகள் என்னைப் பார்த்தாள். வீட்டில் இருக்கும் ட்ராக்கியைப் பற்றி நான் சொல்ல வேண்டி இருக்கவில்லை, அவளே "நம்ம பச்சையையும் இப்படிச் செய்யுமா?" என்றாள். செய்யும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பெட்டி வைத்து பிடித்துவிடலாமே" என்றாள். நீங்கள் எழுதியதை எல்லாம் அவளுக்குப் படித்துக் காட்டியது என் தப்பு. வேறு வழியில்லாமல் பாபு சாரின் உபரித் தகவலை எடுத்துவிட்டேன். பெரிதானால் வளையம் போய்விடும், கோடு வந்துவிடும். கைப்பேசியில் வளர்ந்த எம்பரர் படத்தையும் காட்டினேன். அழகான படம்தான்.

படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். வளையத்தைத் தேடினாள் போலிருக்கிறது. "இது வேற மீன்" என்றாள். இல்லை, இதேதான் என்றேன். "அப்போ வேண்டாம்."

அவ்வளவுதான். நான் ஒரு வாரமாகத் தூங்காமல் யோசித்தது. முன்பணம் 20 வெள்ளியை உப்பு வாளி விலையில் கழித்துக்கொண்டார், நல்ல மனிதர். ஜெனிகாந்தஸ் இரண்டு பெண் மீன் சொல்லி வைத்திருக்கிறேன், அடுத்த சரக்கில் வருமாம். பொறிப் பெட்டியும் வாங்கினேன். இந்த மீனுக்கு அது தேவையில்லைதான், ஆனால் அந்த டொமினி டாங் சமீபத்தில் ட்ராக்கி பக்கம் கொஞ்சம் அதிகமாக மேய்கிற மாதிரி ஒரு சந்தேகம்.

மணியம் அண்ணே, ஒன்று மட்டும். என் தொட்டிக்கு மேலே மூடி இல்லை, திறந்த தொட்டி. ஜெனிகாந்தஸ் குதிக்குமா?


கிள்ளான் மணியம்:

குதிக்கும், தம்பி. முதல் வாரம் இரவில்தான் குதிக்கும். என்னிடம் முதலில் வந்தது மூன்று, இப்போது ஜோடி என்று எழுதியிருக்கிறேனே, கவனித்தீர்களா? ஒளி தடுக்காத மெல்லிய வலை, 6 மி.மீ. கண் உள்ளது, அலுமினியச் சட்டத்தில் இழுத்துக் கட்டி மூடுங்கள். கரண்ட் வயர் போகிற மூலையை மறந்துவிடாதீர்கள், என்னுடையது அந்த வழியாகத்தான் போனது.